பிள்ளைகளோடு கொழும்புக்கு: தங்குமிடத்தை எப்படித் தெரிவு செய்வது?



"கொழும்புக்குப் போகிறேன்" என்று எமது பெண்கள் சொல்லும்போது அதன் பின்னால் எப்போதும் ஒரு வேலை இருக்கும். கடவுச்சீட்டு எடுக்க, பெரியாஸ்பத்திரியில் காட்ட, சிறையில் இருக்கும் மகனைப் பார்க்க, காணாமல் ஆக்கப்பட்ட கணவருக்காக ஒரு அலுவலகத்தில் மனுக் கொடுக்க என்று அந்தப் பட்டியல் நீண்டது. இரவு பஸ்ஸில் ஏறி, விடியப் போய் இறங்கி, வேலையை முடித்து, அடுத்த இரவு பஸ்ஸிலேயே திரும்பி விடுவார்கள். கொழும்பில் கடல் இருக்கிறது என்பதைப் பத்துத் தடவை போய் வந்தும் பார்க்காத பெண்களை நான் அறிவேன்.

அண்மைக்காலமாக இதில் ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். நான் முகத்துவாரத்தில் இருப்பதாலும் வன்னி, மட்டக்களப்பு மாதர் சங்கங்களோடு வேலை செய்வதாலும் பாடசாலை விடுமுறை நெருங்கும்போது தொலைபேசி அழைப்புகள் வரும். "பிள்ளையளுக்கு ஒருக்கா கொழும்பு காட்டோணும் தங்கச்சி. எங்க நிண்டால் நல்லது?" என்பதுதான் கேள்வி. சிலர் தனியாக, சிலர் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து வருகிறார்கள். பெரும்பாலும் ஆண் துணை இல்லாத குடும்பங்கள். இந்தக் கேள்விக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்ன பதிலை இம்மாதம் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

விடுமுறை எமக்கு உரியதா?

முதலில் இதைப் பேசிவிடுவோம். ஏனெனில் பல பெண்கள் விடுதி பற்றிக் கேட்பதற்கு முன் மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் பேசத் தொடங்குகிறார்கள். "காசைக் கரைக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ" என்கிறார்கள். கணவனை இழந்தவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றினால் அயலில் கதை வரும். "புருசன் இல்லாதவளுக்கு என்ன சுற்றுலா?" என்று வாய்விட்டே கேட்பவர்களும் உண்டு. அதே அயலில் ஒரு ஆண் நண்பர்களோடு நுவரெலியா போய் வந்தால் எவரும் கணக்குக் கேட்பதில்லை.

ஓய்வு என்பது வசதி உள்ளவர்களின் ஆடம்பரம் அல்ல. 1948 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனத்தின் 24 ஆவது உறுப்புரை ஓய்வையும் ஓய்வு நேரத்தையும் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை என்று கூறுகிறது. 1989 இல் உருவான சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை பிள்ளைகளின் ஓய்வு, விளையாட்டு, கலை வாழ்வு ஆகியவற்றை உரிமைகளாக ஏற்கிறது. இலங்கை அந்தச் சமவாயத்தை 1991 இல் ஏற்றுக்கொண்டது. யுத்தத்துக்குள் பிறந்து, முகாமில் தவழ்ந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகி விட்டார்கள். அவர்களின் பிள்ளைகளாவது மிருகக்காட்சிச்சாலையில் யானையைப் பார்த்துச் சிரிக்கட்டுமே.

பயணிக்குத் தங்க இடம் கொடுப்பதும் எமது சமூகத்துக்குப் புதிதல்ல. பருத்தித்துறையில் வீதியையே மூடிக் கட்டப்பட்ட தெருமூடி மடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெயிலில் நடந்து வந்தவரும் சுமை கொண்டு வந்தவரும் இளைப்பாறிச் செல்வதற்காகக் கட்டியது அது. செல்வச்சந்நிதியைச் சுற்றியுள்ள மடங்களில் யார், எவர், எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். எமக்குப் பழக்கமில்லாதது காசு கொடுத்து, முன்பின் தெரியாத நகரத்தில், பெண் ஒருத்தி தன் பெயரில் அறை எடுப்பதுதான்.

லொட்ஜ் என்ற சொல்லும் அதன் பின்னால் உள்ள பயமும்

"லொட்ஜ்" என்றவுடன் எமது பெண்கள் பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. யுத்தகாலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து கொழும்பு வந்தவர்களில் உறவினர் வீடு இல்லாதவர்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில்தான் தங்கினார்கள். வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுச் சீவித்தார்கள். பொலிஸ் பதிவு இல்லாமல் ஒரு இரவும் தங்க முடியாது. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும்.

2007 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மறுநாளே, ஜூன் 8 ஆம் திகதி, இவ்வாறு வெளியேற்றுவதை நிறுத்துமாறு நீதிமன்றம் இடைக்காலத் தடை உத்தரவு பிறப்பித்தது. ஜூன் 10 ஆம் திகதி அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மீண்டும் கொழும்புக்கு அழைத்து வரப்பட்டார்கள்.

யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்ட் மாத இறுதியோடு காலாவதியானது. இன்று கொழும்பில் ஒரு இரவு தங்குவதற்கு நீங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போகத் தேவையில்லை. இலங்கைக்குள் எங்கும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் பிரசைகளுக்குள்ள சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை சொல்கிறது. ஆனால் சட்டம் காலாவதியான திகதியில் பயமும் காலாவதியாகி விடுவதில்லை.

கிளிநொச்சிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் மகளோடும் வந்தபோது வெள்ளவத்தையில் ஒரு நல்ல விடுதியில் அறை எடுத்துக் கொடுத்தேன். காலையில் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் கட்டிலில் நித்திரை. அவர் கதவுக்கு எதிரே சுவரில் சாய்ந்தபடி இருந்தார். தன் அடையாள அட்டை கைப்பைக்குள், கைப்பை மடியில். இரவு முழுவதும் அப்படியே இருந்திருக்கிறார். 2007 இல் கடவுச்சீட்டுக்காக வந்து லொட்ஜில் நின்றவர் அவர். "நித்திரை வராட்டிலும் பரவாயில்லைத் தங்கச்சி, பிள்ளையள் கடலைப் பார்த்திட்டுதுகள்" என்றார். அன்று பகல் அறையை மாற்றினோம். படிக்கட்டுக்குப் பக்கத்து அறையில் இரவு முழுவதும் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் அவரை வருத்தியது. நடைபாதையின் உட்கோடியில் இருந்த அறையில், குளியலறை விளக்கை எரிய விட்டு, இரண்டாம் இரவு ஓரளவு தூங்கினார்.

ஆகவே ஒரு அறை நல்ல அறையா என்பது கட்டிலையும் ஏசியையும் மட்டும் பொறுத்ததல்ல. அதில் தங்குபவர் என்ன அனுபவித்து வந்தவர் என்பதையும் பொறுத்தது. "எனக்குச் சத்தமில்லாத அறை வேண்டும்", "படிக்கட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம்", "ஜன்னல் உள்ள அறை வேண்டும்" என்று கேட்பது அடம் அல்ல. காரணம் சொல்லவும் தேவையில்லை.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

தமிழில் பேசி, எமது சாப்பாட்டைச் சாப்பிட்டுத் தங்க விரும்புவோர் மூன்று பகுதிகளைப் பற்றிக் கேட்கிறார்கள்.

வெள்ளவத்தை: யாழ்ப்பாணம், கிளிநொச்சி செல்லும் தனியார் இரவு பஸ்கள் பல இங்கிருந்துதான் புறப்படுகின்றன. எனவே பொதியும் பிள்ளைகளுமாக இன்னொரு வாகனம் பிடிக்கும் செலவு குறையும். இடியப்பம், தோசை, சோறு எல்லாம் நடந்து போகும் தூரத்தில். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை கிட்ட. மயூராபதி அம்மன் கோயில், இராமகிருஷ்ண மிஷன், நூலகத்தோடு கூடிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் ஆகியனவும் இங்கேயே. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் விடுதிகள் பல உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒழுங்கையின் முடிவில் மரைன் டிரைவ், அதை அடுத்துப் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். கடல் தெரியும் அறை என்று ஆசைப்படும்போது, சின்னப் பிள்ளை கண் தப்பி ஓடினால் முதலில் வருவது தண்டவாளம் என்பதை மறக்கக்கூடாது. இந்தப் பக்கக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை கொந்தளிப்பாக இருக்கும். ஓகஸ்ட் விடுமுறையில் வருபவர்கள் கடலைப் பார்க்கலாம், குளிக்க இறக்கக் கூடாது.

கொட்டாஞ்சேனை: கோட்டைப் புகையிரத நிலையத்துக்கும் புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கும் கிட்ட. பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க, செட்டியார் தெருவில் ஒரு தோடு மாற்ற நினைப்பவர்களுக்கு வசதி. கருங்கல்லால் கட்டப்பட்ட பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், புனித லூசியாள் பேராலயம், கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் எல்லாம் இந்தப் பக்கம்தான். அந்தோனியார் தேவாலயம் 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக் குண்டுவெடிப்பில் சிதைந்து, திருத்தப்பட்டு, அதே ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. வீதிகள் நெருக்கமானவை, சத்தம் அதிகம். பெரிய வீதியை நோக்கிய அறையைவிட உள்ளே உள்ள அறை நல்லது. இங்குள்ள பழைய லொட்ஜுகளில் சில வேலைதேடி வரும் ஆண்களுக்கும் லொறிச் சாரதிகளுக்கும் நாள் வாடகைக்கு விடப்படுபவை. அவை கூடாத இடங்கள் என்றல்ல, பிள்ளைகளோடு தங்க ஏற்றவை அல்ல. பொதுக் குளியலறை உள்ள இடத்தைத் தவிருங்கள்.

முகத்துவாரம்: களனி கங்கை கடலோடு சேரும் இடம் என்பதால் வந்த பெயர் இது. மீன்பிடித் துறைமுகமும் தோட்டக் குடியிருப்புகளும் நெருங்கிய இப்பகுதியில் விடுதிகள் மிகக் குறைவு. இங்கு வருபவர்கள் பெரும்பாலும் உறவினர் வீட்டில்தான் தங்குகிறார்கள். பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்து வருபவர்கள் கொட்டாஞ்சேனையில் தங்கி ஓட்டோவில் வந்து போகலாம். அருகில் மட்டக்குளி காக்கைதீவுக் கடற்கரைப் பூங்காவில் மாலையில் பிள்ளைகள் ஓடி விளையாட இடமுண்டு.

உறவினர் வீடு பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் தங்கினால் செலவில்லை என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் போய் நின்றால் சமையலில் கைகொடுத்து, பாத்திரம் கழுவி, வீட்டாரின் முகம் பார்த்து நடக்க வேண்டும். அது உறவைப் பேணுவதற்கு நல்லது. ஓய்வாக இருக்காது. முதல் நாள் உறவினர் வீட்டில் சாப்பிட்டு, இரவு தங்குவதற்கு விடுதி எடுப்பது பல குடும்பங்களுக்குப் பொருந்தி வந்துள்ளது.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை

ஒரு விடுதியைப் பற்றி அங்கே முன்பு தங்கிய பெண் ஒருவரிடம் கேட்பதே முதல் வழி. படங்களை மட்டும் நம்ப வேண்டாம். முடிந்தால் கொழும்பில் உள்ள ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் அறையைக் காட்டச் சொல்லுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு பெற்ற விடுதியா என்றும் விசாரியுங்கள். பெரிய ஹோட்டல்களுக்கு மட்டுமல்ல, சிறிய விருந்தினர் இல்லங்களுக்கும் வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்களுக்கும் இப்பதிவு உண்டு.

பின்வரும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்:

1. அறையில் எத்தனை பேர் தங்கலாம்? எத்தனை வயதுவரை பிள்ளைக்குக் கட்டணம் இல்லை? மேலதிக மெத்தைக்கு எவ்வளவு?

2. குளியலறையும் மலசலகூடமும் அறைக்குள்ளேயே இருக்கின்றனவா? கொமட்டா, இருந்து பாவிப்பதா? முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கும் செயற்கைக் கால் பாவிப்பவர்களுக்கும் இது முக்கியமான கேள்வி.

3. அறை எத்தனையாம் மாடி? லிஃப்ட் உண்டா? வாசலில் எத்தனை படிகள்? காலை இழந்த சகோதரிகள் "கீழ்மாடி இருக்கிறதா?" என்பதை முதல் கேள்வியாகவே கேட்கலாம். "சமாளிக்கலாம் அக்கா" என்று பதில் வந்தால் அது பதிலல்ல. படிகளை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

4. அறை கொடுப்பது எத்தனை மணிக்கு? இரவு பஸ்ஸில் வருபவர்கள் விடிய 5 மணிக்கு இறங்குவார்கள். பல விடுதிகளில் அறை கிடைப்பது பகல் 12 அல்லது 2 மணிக்கு. அதுவரை பிள்ளைகளோடு எங்கே இருப்பது? முகம் கழுவவும் பொதியை வைக்கவும் விடுவார்களா? விடியவே அறை தருவதற்கு மேலதிகமாக எவ்வளவு?

5. மதுச்சாலையோ கலியாண மண்டபமோ அதே கட்டடத்தில் உண்டா? இரண்டும் இரவில் சத்தத்துக்கும் தெரியாத ஆட்களின் நடமாட்டத்துக்கும் காரணமாகும்.

6. இரவில் வாசலில் ஆள் இருப்பாரா? பெண் ஊழியர்கள் வேலை செய்கிறார்களா? தமிழில் பேசக்கூடியவர் ஒருவர் இருப்பாரா?

7. சுடுதண்ணீர் எடுக்கலாமா? பால்மா கரைக்கவும் தேத்தண்ணி போடவும் கேத்தில் உண்டா? சிறிய சமையலறையோடு கூடிய அறைகளும் வெள்ளவத்தையில் உண்டு. மூன்று நாளுக்கு மேல் நிற்பவர்களுக்கு அது இலாபம்.

பதில் சொல்பவர் எப்படிப் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். கேள்வி கேட்கும் பெண்ணோடு பொறுமையாகப் பேசாத இடம், பிரச்சினை வரும்போது உதவப் போவதில்லை.

கணக்கு

மலிவான அறை எப்போதும் மலிவானதல்ல. சொல்லும் விலைக்குள் வரியும் சேவைக் கட்டணமும் அடங்குமா என்று கேளுங்கள். ஒரு உதாரணம் பார்ப்போம். அறை 6,000 ரூபா என்று சொல்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். 10 வீத சேவைக் கட்டணம் சேர்ந்தால் 6,600. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்ந்தது. அந்த வரி அறவிடும் விடுதியானால் இன்னும் 1,188 ரூபா. மொத்தம் 7,788. மூன்று இரவுக்கு 18,000 என்று எண்ணி வந்தவர் 23,364 கட்ட வேண்டி வரும். "எல்லாம் சேர்த்து, கடைசியாக நான் கட்டும் தொகை எவ்வளவு?" என்று கேட்டு, அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள்.

அதேபோல் நகருக்கு வெளியே 1,500 ரூபா குறைவான அறையை எடுத்து, நாளுக்கு இரண்டு தடவை ஓட்டோவுக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்தால் மிச்சம் எங்கே? காலை உணவு சேர்ந்த அறையா என்பதையும் கணக்கில் எடுங்கள். நான்கு பேர் கடையில் காலைச் சாப்பாடு சாப்பிடும் செலவு சிறிதல்ல.

முற்பணம் கேட்டால் முழுத் தொகையையும் அனுப்ப வேண்டாம். ஒரு இரவுக் கட்டணம் போதும். வங்கிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வர முடியாமல் போனால் எத்தனை நாளுக்கு முன் சொன்னால் பணம் திரும்பும் என்றும் கேளுங்கள். பாடசாலை விடுமுறையிலும் ஆடிவேல் காலத்திலும் வருவதானால் முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள்.

வரவேற்பு மேசையில்

அடையாள அட்டை கேட்பார்கள். பதிவுப் புத்தகத்தில் எழுதுவார்கள். இது எல்லோருக்கும் பொதுவான நடைமுறை. சிங்களவராயினும் வெளிநாட்டவராயினும் கொடுக்கத்தான் வேண்டும். பிரதி எடுத்தால் அதன் மேல் "விடுதிப் பதிவுக்கு மட்டும்" என்று எழுதித் திகதியைப் போடுங்கள். மூல அட்டையைக் கையோடு திரும்பப் பெறுங்கள். அறையை விடும்வரை அட்டையை வைத்திருப்போம் என்றால் சம்மதிக்க வேண்டாம். அடையாள அட்டை எடுக்காத பிள்ளைகளுக்குப் பிறப்பத்தாட்சிப் பிரதி ஒன்றைக் கொண்டு வருவது நல்லது.

அடுத்துச் சில இடங்களில் ஒரு கேள்வி வரும். "ஐயா வரேல்லையா அக்கா?" சிலர் சும்மா கேட்கிறார்கள். சிலர் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்கே நிலைகுலைந்து, கணவரின் மரண அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துக் காட்டிய பெண்கள் இருக்கிறார்கள். காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழைக் காட்டியவரும் இருக்கிறார். சகோதரிகளே, அது தேவையில்லை. உங்கள் வாழ்வின் மிகப் பெரிய துயரத்தை ஒரு அறைச் சாவிக்காக மேசையில் வைக்க வேண்டியதில்லை. "நானும் பிள்ளைகளும்தான். என்னுடைய பெயரில் பதியுங்கோ" என்ற பதில் போதுமானது.

எமது நாட்டின் அரசியலமைப்பு இந்த விடயத்தில் விடுதி என்ற இடத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரையின் 3 ஆவது பிரிவு, இனம், மதம், மொழி, சாதி, பால் என்ற காரணங்களால் எவருக்கும் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் செல்வதில் தடையோ நிபந்தனையோ இருக்கலாகாது என்கிறது. "தமிழ் ஆட்களுக்கு அறையில்லை", "தனியப் பெண்களுக்குக் கொடுப்பதில்லை" என்று சொல்பவருக்கு இதை நினைவூட்டலாம்.

ஆனாலும் நடைமுறையையும் அறிந்திருக்க வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் செல்லும் வழி அரச அதிகாரிகளின் செயல்களுக்கே உரியது. அதுவும் ஒரு மாதத்துக்குள் செல்ல வேண்டும். தனியார் விடுதி ஒன்று மறுத்தால் வழக்கு என்பது இலகுவான பாதையல்ல. ஆகவே இரவு வேளையில் பிள்ளைகளோடு நின்று வாதாடாமல், ஏற்கெனவே குறித்து வைத்த இரண்டாவது விடுதிக்குச் செல்லுங்கள். எப்போதும் இரண்டு இலக்கங்கள் கையில் இருக்கட்டும். பின்னர், நடந்ததைத் திகதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். பொலிஸாரோ வேறு அரச அதிகாரிகளோ தொந்தரவு செய்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

பெண்களுக்கு மட்டுமான விடுதி என்பது உலகுக்குப் புதியதல்ல. நியூயோர்க்கில் 1927 இல் திறக்கப்பட்ட பார்பிசன் விடுதி 1981 வரை பெண்களுக்கு மட்டுமே அறை கொடுத்தது. நகரத்துக்குத் தனியே வேலை தேடி வந்த பெண்களுக்கு வேறு இடங்களில் அறை கிடைப்பது சிரமமாக இருந்த காலம் அது. எமது நிலைமையும் அதிலிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை.

அறைக்குள் போனவுடன்

பொதியை அவிழ்க்கும் முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். கதவுத் தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாகப் பூட்டுகிறதா? ஜன்னல் கொளுக்கி சரியா? மேல்மாடியானால் பல்கனித் தடுப்பில் பிள்ளை ஏற முடியுமா? மின்சாரப் பிளக் உடைந்திருக்கிறதா? தீ பிடித்தால் இறங்கும் வழி எது? படுக்கை விரிப்பு துவைத்ததா? ஏதாவது பிழையிருந்தால் உடனே சொல்லி அறையை மாற்றுங்கள். பொதி அவிழ்த்த பிறகு மாற்ற எமக்கே மனம் வராது.

பிள்ளைகளுக்கு விடுதியின் பெயரையும் வீதியையும் சொல்லிக் கொடுங்கள். தாயின் தொலைபேசி இலக்கத்தை எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். இந்த இலக்கங்கள் உங்கள் கையிலும் இருக்கட்டும்: பொலிஸ் அவசர அழைப்பு 119, அம்புலன்ஸ் 1990, பெண்கள் உதவிச் சேவை 1938, சிறுவர் உதவிச் சேவை 1929.

இரவில் சத்தம் கேட்டுத் திடுக்கிடுபவர்கள் வீட்டில் போர்த்தும் போர்வையையோ சேலையையோ கொண்டு வாருங்கள். பழகிய மணம் நித்திரைக்கு உதவும். தேவாலயத் திருநாளிலும் புதுவருடத்திலும் கொழும்பில் வெடி கொளுத்துவார்கள். அன்றைய நாட்களைத் தவிர்ப்பது நல்லது. முடியாவிட்டால் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாய்க்கும் அது உதவும்.

இரண்டு நாள் போதும்

எல்லாவற்றையும் பார்க்க ஓட வேண்டாம். முதல் நாள் காலை மிருகக்காட்சிச்சாலை, மாலை காலிமுகத்திடல். காற்றாடியும் இறால் வடையும் போதும், பிள்ளைகளுக்கு வேறொன்றும் வேண்டியிராது. இரண்டாம் நாள் 1877 இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலை, அதற்கு எதிரே விகாரமகாதேவி பூங்காவில் விளையாட்டு. 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரத்தில் ஏறுவதற்குக் கட்டணம் அதிகம் என்று நினைப்பவர்கள் வெளியே நின்று பார்த்தும் வரலாம். பகலில் இரண்டு மணி நேரமாவது அறைக்குத் திரும்பிப் படுத்திருங்கள். அதற்காகத்தானே அறை எடுத்தீர்கள்.

செலவுக்கு ஒரு வழி: முல்லைத்தீவுப் பக்கத்து மாதர் சங்கம் ஒன்றில் எட்டுப் பெண்கள் வாரம் 200 ரூபாவாக ஒரு வருடம் சேர்த்தார்கள். ஒருவருக்கு 10,400 ரூபா சேர்ந்தது. இரண்டு குடும்பத்துக்கு ஒரு பெரிய அறை என்று பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க மற்றவர் நித்திரை கொண்டார். அயலில் கதை வரவில்லையா என்று கேட்டேன். "வந்தது. இப்ப கதைச்ச ஆக்களும் சீட்டில சேரப் போகினமாம்" என்று சிரித்தார்கள்.

வீட்டிலும் தோட்டத்திலும் வேலைத்தளத்திலும் நாள் முழுவதும் மற்றவர்களுக்காக எழும்பும் ஒரு பெண், இரண்டு நாளுக்கு யாரோ விரித்த படுக்கையில் படுத்து, யாரோ அவித்த இடியப்பத்தைச் சாப்பிடுவதில் தவறேதும் இல்லை. நல்ல இடமாகப் பார்த்து, எல்லாவற்றையும் கேட்டு, உங்கள் பெயரிலேயே பதிந்து தங்குங்கள்.

நீங்கள் தங்கிய இடங்களின் நன்மை தீமைகளை எமக்கு எழுதுங்கள். இன்னொரு சகோதரிக்கு அது வழிகாட்டும். வைத்தியத்துக்காகக் கொழும்பு வரும் பெண்கள் நோயாளியோடு தங்குவதற்கான ஒழுங்குகள் பற்றி அடுத்த மாதம் பார்ப்போம்.